ஆதாரம் எங்கே இருக்கிறது?

(வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டிய விஷயம் இன்னதென்று நோட்டீசில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நான் வாசற்படி ஏறும்போதே இரண்டு தோழர்கள் என்னை நிறுத்தி, "அமெரிக்காவில் இருக்கிற ஸ்பானிய மொழிக்காரர்களைப் பற்றி ஆராய்வதற்கு ஆதார நூல்கள் எங்கே கிடைக்கும் என்கின்ற பேச்சு நமக்கு எதற்கு?" என்பதாகக் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குக் காரணம் நானே. போன கூட்டத்தில் போலீஸ் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தபோது, பேச்சோடு பேச்சாய், டெக்சாஸ் மாகாணத்தில் மெக்சிகோ எல்லையிலிருந்த கொள்ளைக்காரர்களை அடக்கின ரேஞ்சர் என்ற குதிரைப் படையைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டேன். கூட்டம் கலைகிற சமயத்தில் ஒரு வாலிபத் தோழர் எழுந்து, "நீங்கள் சொன்னதற்கு ஆதாரம் என்ன? அது எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது? அந்தப் புஸ்தகத்தை எழுதினவர் யார்?" என்று மூன்று கேள்விகளைப் போட்டார். முதல் கேள்விக்கு "படித்திருக்கிறேன்" என்றேன். இரண்டாவதற்கு "எங்கேயோ" என்றேன். மூன்றாவதற்கு வாயை மூடிக்கொண்டேன். புராணப் பிரசங்கி செய்கிற காரியத்தைத்தானே நாமும் செய்தோம் என்று வீட்டுக்குப் போன பிறகு வெட்கமாய் இருந்தது. ஆகவே அந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடிப் போன கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

தோழர்களே! நீங்கள் ஒரு காணி நிலம் வாங்குவதென்றால் என்ன செய்கிறீர்கள்? விற்கிறவனுடைய நெற்றியைப் பார்த்தா பணத்தை எண்ணிக் கொடுக்கிறீர்கள்? இல்லையே! சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போய் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறீர்கள். அங்கே இன்டெக்ஸ் புஸ்தகம் என்று இருக்கிறது. பேரைக் கொண்டு தேடுவதற்கு ஒன்று, நிலத்தைக் கொண்டு தேடுவதற்கு ஒன்று. அந்த இன்டெக்ஸில் நிலத்தின் கதை எழுதியிருக்காது. எந்த வருஷத்தில், எந்த வால்யூமில், எந்தப் பக்கத்தில் பத்திரம் நகலாகியிருக்கிறது என்பது மாத்திரமே இருக்கும். அந்த இன்டெக்ஸ் இல்லாவிட்டால் ஆபீஸ் நிறைய அடுக்கியிருக்கிற வால்யூம்கள் கரையானுக்குத்தான் உபயோகப்படும். சரித்திர ஆராய்ச்சியிலும் இப்படியே. கதை சொல்லும் புஸ்தகம் ஒன்று. அந்தக் கதைக்கு ஆதாரம் எங்கே இருக்கிறதென்று காட்டும் புஸ்தகம் வேறொன்று. ஜாபிதா, அடைவு, கையேடு, கலைக்களஞ்சியம் என்பவையெல்லாம் இந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தவை. ஐந்து செண்டு நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கிறவர்கள், ஒரு ஜனசமூகத்தின் நல்லது பொல்லாததைப் பேசும்போது மாத்திரம் காதில் விழுந்ததை அப்படியே ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்கிறேன்.

முதலில் இந்த ஜனங்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1846-ல் ஆரம்பித்த யுத்தத்தின் முடிவில், 1848-ல் குவாடலூப் இடால்கோ என்ற இடத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கலிபோர்னியா, நியூ மெக்சிகோ முதலிய பிரதேசங்கள் மெக்சிகோவிடமிருந்து அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குப் போய்விட்டன. அதற்கு முன்பே போயிருந்த டெக்சாசையும் சேர்த்தால் மெக்சிகோவின் நிலத்தில் ஏறக்குறைய பாதி. அங்கே குடியிருந்தவர்கள் வீடு வாசலோடு இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மேலே பறந்த கொடி மாத்திரம் மாறிற்று. பிறகு 1898-ல் போர்ட்டோ ரிக்கோ தீவு ஸ்பெயினிடமிருந்து கைமாறிற்று. 1959-க்குப் பிறகு கியூபாக்காரர்கள் ஏராளமாக வந்தார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து பிழைப்புக்காகவும் உயிருக்குப் பயந்தும் வந்தவர்கள் பலர். இப்படிச் சேர்ந்தவர்கள் 2020-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி 6 கோடியே 21 லட்சம் பேர். அந்நாட்டு ஜனத்தொகையில் நூற்றுக்கு 18.7 பேர். இவர்களை ஹிஸ்பானியர் என்றும் சொல்லுகிறார்கள், லத்தீனோ என்றும் சொல்லுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஸ்பெயின் தேசத்தான் ஹிஸ்பானியன், ஆனால் லத்தீனோ அல்ல. பிரேசில்காரன் லத்தீனோ, ஆனால் போர்த்துகீசிய மொழி பேசுகிறவனாகையால் ஹிஸ்பானியன் அல்ல.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். தேடுகிறவனுக்குப் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. 1930-ம் வருஷத்து ஜனக்கணக்கில் மெக்சிகோக்காரர்களைத் தனி இனமாக எழுதினார்கள். அதை எதிர்த்துக் கூக்குரல் எழுந்ததும் 1940-ல் அவர்களை வெள்ளையரோடு சேர்த்துவிட்டார்கள். ஒரே மனிதன், அதே தோல். பத்து வருஷத்தில் வேறு ஜாதி! 1970-ல் ஒரு பகுதியாரிடம் மாத்திரம் "நீ ஸ்பானிய வம்சத்தானா?" என்று கேட்டார்கள். 1980-ல்தான் எல்லோரிடமும் கேட்டார்கள். ஆகவே "ஹிஸ்பானியர்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு 1930-ம் வருஷத்துப் புஸ்தகத்தின் அடைவைப் புரட்டுகிறவனுக்கு ஒன்றும் அகப்படாது. "அப்படி ஒரு ஜனமே அங்கே இருக்கவில்லை போலிருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுவான்.

சொல் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்லுகிறேன். 1901 ஜூன் மாதம் டெக்சாசில் கார்னஸ் என்ற ஜில்லாவில் கிரெகோரியோ கோர்ட்டெஸ் என்கிற மெக்சிகோ வம்சத்துக் குடியானவர் வீட்டுக்கு ஷெரீப் ஒருவர் போனார். குதிரை திருட்டைப் பற்றி விசாரணை. "நீ சமீபத்தில் யாரிடமாவது குதிரை மாற்றிக்கொண்டாயா?" என்று மொழிபெயர்ப்பாளனைக் கொண்டு கேட்டார். மொழிபெயர்ப்பாளனோ ஆண் குதிரைக்குரிய சொல்லைப் போட்டுக் கேட்டுவிட்டான். ஸ்பானிய மொழியில் ஆண் குதிரைக்கு ஒரு சொல், பெண் குதிரைக்கு வேறு சொல். கோர்ட்டெஸ் மாற்றியது பெண் குதிரை. அவர் "இல்லை" என்றார். அது சத்தியமான பதில். "நீ காளையை மாற்றினாயா?" என்று கேட்டால், பசுவை மாற்றினவன் இல்லையென்றுதானே சொல்லுவான்? ஆனால் பொய் சொல்லுகிறான் என்று ஷெரீப் முடிவு செய்தார். கைது செய்யப் போனார். துப்பாக்கி வெடித்தது. கோர்ட்டெசின் தமையன் சுடப்பட்டார். கோர்ட்டெஸ் சுட்டதில் ஷெரீப் செத்தார். பிறகு பத்து நாள் துரத்தல், பல கோர்ட்டு விசாரணைகள், ஆயுள் தண்டனை, கடைசியில் 1913-ல் மன்னிப்பு.

இந்தச் சம்பவத்தை இங்கிலீஷ் பத்திரிகைகள் ஒருவிதமாக எழுதின. எல்லைப்புறத்து ஏழை ஜனங்கள் அதைப் பாட்டாகக் கட்டி வேறு விதமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கோ பாரெடெஸ் என்ற பேராசிரியர் கோர்ட்டு ரிக்கார்டையும் அந்தத் தெருப் பாட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து 1958-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். பாட்டிலே மிகையும் இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதுவரையில் படித்தவர்கள் பாட்டை ஒரு ஆதாரமாகவே எண்ணிப் பார்க்காமல் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பாரெடெசின் கையெழுத்துப் பிரதிகள் இப்போது டெக்சாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பென்சன் நூலகத்தில் இருக்கின்றன. 1921-ல் மெக்சிகோ அறிஞர் ஒருவருடைய புஸ்தகங்களை விலைக்கு வாங்கி ஆரம்பித்த நூலகம் அது. லத்தீன் அமெரிக்காவைப் பற்றித் தேடுகிறவர்கள் போய்ச் சேருகிற பெரிய இடங்களில் அது ஒன்று.

கோர்ட்டெஸ் விஷயத்தில் மொழிபெயர்ப்பாளன் செய்த தப்பை நூலகங்களும் செய்துவந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் என்று ஒன்று இருக்கிறது. அந்நாட்டுச் சட்டசபையின் நூலகம். எந்தப் புஸ்தகத்தை எந்தத் தலைப்பின்கீழ் போடுவது என்று அது ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறது. உலகத்தில் எத்தனையோ நூலகங்கள் அதையே பின்பற்றுகின்றன. அதில், அனுமதிச் சீட்டில்லாமல் வந்து குடியிருப்பவர்களுக்கு "சட்டவிரோத அன்னியர்கள்" என்று தலைப்பு. அப்படிப்பட்ட குடும்பத்திலே பிறந்து கல்லூரிக்கு வந்த ஒரு பெண், தன் தாய் தகப்பனைப் பற்றிப் படிக்க விரும்பினால், அந்த வசைச் சொல்லைத் தன் கையாலே எழுதித்தான் புஸ்தகம் கேட்க வேண்டும்! 2014-ல் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் இதை மாற்ற வேண்டுமென்று மனுப் போட்டார்கள். 2016-ல் நூலகத்தார் மாற்றுவதாகச் சொன்னார்கள். உடனே சட்டசபையிலே சில அங்கத்தினர்கள் குறுக்கே விழுந்து தடுத்தார்கள். ஒரு நூலக அடைவிலே இருக்கிற இரண்டு வார்த்தைக்குச் சட்டசபையிலே சண்டையா என்று நீங்கள் ஆச்சரியப்படலாம். வார்த்தையிலே ஒன்றும் இல்லையென்றால் அவர்கள் ஏன் அவ்வளவு பாடுபடுகிறார்கள்? கடைசியாக 2021-ல்தான் "குடியுரிமை இல்லாதவர்கள்" என்றும், "சட்டவிரோதக் குடியேற்றம்" என்றும் இரண்டாகப் பிரித்து மாற்றினார்கள். இரண்டாவது சொல்லில் பழைய வாடை போகவில்லை என்பது என் அபிப்பிராயம். இதற்கெல்லாம் முன்பே, 1970-களின் பிற்பகுதியில், கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையிலிருந்த மெக்சிகோ வம்சத்து நூலகர்கள், "நம்மை மற்றவர்கள் அழைக்கிற பெயரால் நாம் ஏன் தேட வேண்டும்?" என்ற எண்ணத்தில் சிக்கானோ சொல்லடைவு என்று ஒன்றைத் தாங்களே தயார் செய்துகொண்டார்கள். அதை வைத்துத் தங்கள் பத்திரிகைகளுக்கு அடைவும் போட்டார்கள்.

நிற்க, ஆதாரங்கள் எந்த ஊரில் கிடக்கின்றன என்று பார்ப்போம். இங்கேதான் பெரிய வேடிக்கை இருக்கிறது. மெக்சிகோ தேசத்தின் யுக்காத்தான் பிரதேசத்தில் மாயர் என்ற ஜனங்கள் தங்களுக்கென்று எழுத்தும், மரப்பட்டையில் செய்த மடிப்புப் புஸ்தகங்களும் வைத்திருந்தார்கள். 1562 ஜூலை மாதம் மானி என்ற ஊரில் தீகோ டெ லாண்டா என்ற பாதிரியார் அவர்களைக் கூட்டி வைத்துச் சித்திரவதை செய்ததுமல்லாமல், அந்தப் புஸ்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார். எல்லாம் பிசாசின் பொய் என்பது அவர் சொன்ன காரணம். அவர் கடவுளுக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் நாலு பட்டைப் புஸ்தகத்துக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று அப்போது கேட்பாரில்லை. கேட்கத் தைரியமுள்ளவர்கள் கட்டப்பட்டுக் கிடந்தார்கள். இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கிற மாயர் புஸ்தகங்கள் நான்கே நான்கு. அவற்றில் மூன்று டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் ஆகிய ஐரோப்பிய நகரங்களில் இருந்துகொண்டு அந்த ஊர்களின் பெயராலேயே வழங்குகின்றன.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். இதே லாண்டா, ஸ்பெயினுக்குத் திரும்பிப் போய் விசாரணைக்கு உட்பட்டிருந்த காலத்தில், மாயர்களுடைய பழக்கவழக்கம், பஞ்சாங்கக் கணக்கு, எழுத்து ஆகியவற்றைப் பற்றி ஒரு விருத்தாந்தம் எழுதினார். அதன் சுருக்கப் பிரதி ஒன்று மாட்ரிட் நகரத்துச் சரித்திரக் கழகத்தின் நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. 1862-ல் பிரஸ்ஸர் டெ பூர்பூர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதைக் கண்டெடுத்து 1864-ல் அச்சிட்டார். அதில் லாண்டா எழுதி வைத்திருந்த எழுத்து அட்டவணையைக் கொண்டுதான், 1952-ல் ருஷ்யாவில் லெனின்கிராடில் இருந்த யூரி கினோரசாவ் என்ற அறிஞர் மாயர் எழுத்தைப் படிப்பதற்கு வழி கண்டார். கொளுத்தினவன் கைக்குறிப்பிலிருந்துதான் கொளுத்தப்பட்டவர்களின் எழுத்தைப் படிக்க வேண்டியதாயிற்று! அதனால் லாண்டாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சில பக்திமான்கள் எழுதுகிறார்கள். வீட்டைக் கொளுத்தினவன் வீட்டின் பிளானை ஜேபியில் வைத்திருந்தான் என்பதற்காக நன்றி சொல்லுவதா? உபயோகப்படுத்திக்கொள்ள வேண்டும்; யார் எழுதினது, எந்த நிலைமையில் எழுதினது என்பதை மறவாமல் உபயோகப்படுத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

பெரு தேசத்திலும் இதே கதை. குவாமான் போமா என்ற பூர்வகுடிப் பெரியவர், ஸ்பானிய அதிகாரிகளும் பாதிரிகளும் செய்த அக்கிரமங்களை 1615 வாக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில், ஏறக்குறைய நானூறு சித்திரங்களோடு எழுதி ஸ்பெயின் ராஜாவுக்கு அனுப்பினார். ராஜா படித்ததாக அடையாளமே இல்லை. 1908-ல் அது எங்கே அகப்பட்டது தெரியுமா? ஸ்பெயினிலும் இல்லை, பெருவிலும் இல்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகன் ராஜாங்க நூலகத்தில்! 2001 முதல் அந்த நூலகத்தார் பக்கம் பக்கமாய்ப் படம் பிடித்து இன்டர்நெட்டில் எல்லோருக்கும் இனாமாய்க் காட்டுகிறார்கள்.

ஸ்பானிய சர்க்காருடைய சொந்தத் தஸ்தாவேஜுகளைக் கேட்டால், 1785-ல் மூன்றாம் கார்லோஸ் ராஜா செவில் நகரத்தில் ஏற்படுத்திய காப்பகத்தில் சுமார் 43 ஆயிரம் கட்டுகள் இருக்கின்றன; எட்டுக் கோடிப் பக்கம் என்கிறார்கள். அவற்றின் அடைவும், படம் பிடித்த பகுதியும் பாரெஸ் என்ற பெயரில் இன்டர்நெட்டில் இருக்கின்றன. இவ்வளவு கடலில் எங்கே இறங்குவது? அதற்குத்தான் லத்தீன் அமெரிக்க ஆராய்ச்சிக் கையேடு என்று ஒன்று இருக்கிறது. 1936-ல் லூயிஸ் ஹாங்கி என்ற வாலிப ஆசிரியர் முதல் வால்யூமை வெளியிட்டார். இன்று வரையில் காங்கிரஸ் நூலகத்தார் நடத்தி வருகிறார்கள். ஒரு வால்யூம் இலக்கியம், சரித்திரம் முதலியவற்றுக்கு, அடுத்தது பொருளாதாரம், அரசியல் முதலியவற்றுக்கு என்று மாற்றி மாற்றி வெளிவருகிறது. அதன் விசேஷம் என்னவென்றால், வெளியான புஸ்தகங்களின் பெயரை மாத்திரம் ஜாபிதா போடாமல், ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் துறையில் பழகின ஒருவர் இரண்டு மூன்று வரியில் "இது இன்ன தரத்தது, இதில் இன்ன புது விஷயம் இருக்கிறது" என்று எழுதிவிடுகிறார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்லுகிற அனுபவஸ்தன் மாதிரி. இதையும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தக் கையேடு மெக்சிகோ முதல் சிலி வரையில் உள்ள தேசங்களுக்குத்தான். ஐக்கிய நாட்டுக்குள்ளேயே இருக்கிற ஸ்பானிய மொழிக்காரர்களுக்கு அது போதாது. அவர்களுக்கு வேறு புஸ்தகங்கள் வேண்டும். 2005-ல் ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் நாலு வால்யூமில் ஒரு கலைக்களஞ்சியம் வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே விக்கி ரூயிஸ், வர்ஜீனியா சான்செஸ் கொரோல் என்ற இரண்டு பெண்கள் சேர்ந்து, லத்தீன் வம்சத்துப் பெண்களுக்கென்றே மூன்று வால்யூமில் ஒரு சரித்திரக் களஞ்சியம் கொண்டுவந்தார்கள். பெண்களுக்கு எதற்குத் தனியாக மூன்று வால்யூம் என்று கேட்கிறவர்கள் பழைய புஸ்தகங்களின் அடைவைப் புரட்டி எத்தனை பெண் பெயர் இருக்கிறதென்று எண்ணிப் பார்க்கட்டும்.

உதாரணத்துக்கு ஹோவிடா இடார் என்ற அம்மையாரைச் சொல்லலாம். டெக்சாசில் லரேடோ என்ற எல்லைப் பட்டணத்தில் பள்ளி ஆசிரியையாயிருந்து பத்திரிகை வேலைக்கு வந்தவர். 1914-ல் அவர் வேலை பார்த்த எல் புரோகிரேசோ பத்திரிகை, ஜனாதிபதி வில்சனின் மெக்சிகோக் கொள்கையைக் கண்டித்து எழுதியது. அச்சுக்கூடத்தை மூட ரேஞ்சர்கள் குதிரையேறி வந்தார்கள். அந்த அம்மாள் வாசற்படியில் நின்றுகொண்டு உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். திரும்பிப் போனார்கள். பிறகு அவர் இல்லாத சமயம் பார்த்து வந்து அச்சு யந்திரத்தை நொறுக்கினார்கள். நான் போன கூட்டத்தில் புகழ்ந்த அதே ரேஞ்சர்கள்தான்.

பத்திரிகையை நொறுக்கினால் ஆதாரமும் போயிற்று. 1808-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் எல் மிசிசிப்பி என்ற பத்திரிகை ஆரம்பித்தது முதல், ஐக்கிய நாட்டில் எத்தனையோ ஸ்பானியப் பத்திரிகைகள் தோன்றி மறைந்தன. சீமான்கள் சேர்த்து வைக்கிற சரக்கல்ல அவை. ஆகையால் பரண்களிலும் அட்டைப் பெட்டிகளிலும் கிடந்து மக்கிப்போயின. 1992-ல் ஹூஸ்டன் சர்வகலாசாலையில் நிக்கோலாஸ் கனெல்லோஸ் என்ற பேராசிரியர் முன்னின்று இவைகளைத் தேடி மீட்கிற ஒரு வேலையை ஆரம்பித்தார். அதன் பயனாக, 1960 வரையில் அந்நாட்டில் வெளிவந்த ஸ்பானியப் பத்திரிகைகளுக்கு ஒரு முழு ஜாபிதா 2000-ல் அச்சாயிற்று. எந்தப் பத்திரிகை, எந்த ஊர், எந்த வருஷம் என்பவையெல்லாம் அதில் இருக்கின்றன. போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் இப்படியே நியூயார்க்கில் 1973-ல் தங்களுக்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்திக்கொண்டார்கள்.

இனி அந்த வாலிபத் தோழருடைய கேள்விக்கு நேராக வருகிறேன். நான் ரேஞ்சர்களைப் புகழ்ந்தேனே, அது எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்ததில், 1935-ல் வால்டர் பிரெஸ்காட் வெப் என்ற டெக்சாஸ் பேராசிரியர் ரேஞ்சர்களை வீரர்களாக வர்ணித்து எழுதிய ஒரு பெரிய புஸ்தகத்திலிருந்து, கைமாறிக் கைமாறி, சினிமாவுக்கெல்லாம் போய், என் காதுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தது. சரி, ஒருவர் சொன்னதை இன்னொரு ஆதார நூலில் ஒத்துப் பார்ப்போம் என்று, டெக்சாஸ் கையேடு என்ற களஞ்சியம் 1952-ல் முதல் முதல் வந்ததே, அதை யார் தயாரித்தார்கள் என்று பார்த்தேன். தயாரித்ததில் முக்கியமானவர் அதே வெப்! சாட்சியும் அவரே, குமாஸ்தாவும் அவரே.

இப்போது போர்வெனிர் என்ற கிராமத்தைக் கவனியுங்கள். ரியோ கிராண்டு ஆற்றங்கரையில் மெக்சிகோ வம்சத்துக் குடியானவர்கள் வாழ்ந்த ஒரு சின்ன ஊர். 1918 ஜனவரி 28-ம் தேதி விடியுமுன் ரேஞ்சர்களும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சிலரும் ராணுவச் சிப்பாய்கள் துணையோடு அங்கே போனார்கள். ஆண்களும் பையன்களுமாகப் பதினைந்து பேரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, கொஞ்ச தூரம் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். "அவர்கள் கொள்ளைக்காரர்கள்; எங்கள் பேரில் முதலில் சுட்டார்கள்" என்பது ரேஞ்சர் காப்டன் மேலிடத்துக்கு எழுதின ரிப்போர்ட்டின் சாரம். மிஞ்சியவர்கள் ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்கு ஓடிப்போனார்கள். ஊர் அழிந்தது.

வெறும் சர்க்கார் ரிப்போர்ட்டை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டால் செத்தவர்கள் இன்று வரையில் கொள்ளைக்காரர்கள்தான். ஆனால் வேறு ஆதாரங்கள் இருந்தன. மறுநாள் பிணங்களைப் போய்ப் பார்த்தவர் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஹாரி வாரன், வெள்ளைக்காரர். அவருடைய மாமனாரே செத்தவர்களில் ஒருவர். செத்தவர்களின் பெயர்களை அவர் எழுதி வைத்தார். அந்தக் காகிதங்கள் ஆல்பைன் என்ற சிறு பட்டணத்துக் கல்லூரியின் காப்பகத்தில் இருக்கின்றன. விதவைகளின் வாக்குமூலங்களை மெக்சிகோ சர்க்கார் வாங்கி வைத்துக்கொண்டு வாஷிங்டனுக்கு ஆட்சேபம் தெரிவித்தது. 1919-ல் டெக்சாஸ் சட்டசபையில் ஹோசே கனாலஸ் என்ற ஒரே ஒரு மெக்சிகோ வம்சத்து அங்கத்தினர், தன்னைக் கொன்றுவிடுவதாக மிரட்டியும் பயப்படாமல், ரேஞ்சர்களின் பேரில் பத்தொன்பது குற்றச்சாட்டுகள் கொண்டுவந்து விசாரணை நடத்தச் செய்தார். சாட்சிகளின் வாக்குமூலம் மூன்று வால்யூம், ஆயிரத்து அறுநூறு பக்கத்துக்கு மேல். சட்டசபையார் அதை அச்சிடவில்லை. பல பத்து வருஷங்கள் அது ஜனங்கள் கண்ணில் படாமலே கிடந்தது. இப்போது டெக்சாஸ் மாகாண நூலகத்தாரே படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். கனாலஸ் விசாரணையால் ரேஞ்சர் படை குறைக்கப்பட்டதே ஒழிய, போர்வெனிர் கொலைக்காக ஒருவன் கூடத் தண்டனை அடையவில்லை. 2018-ல்தான், அதாவது நூறு வருஷம் கழித்து, அந்த இடத்தைப் பற்றி மாகாணச் சரித்திரக் கமிஷனின் கல்வெட்டுப் பலகை ஒன்று நாட்டப்பட்டது. செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதற்குக் கையில் பிடித்துக்கொண்டு போனது, மேலே சொன்ன காகிதங்களைத்தான்.

டெக்சாஸ் கையேடும் இப்போது பழைய கையேடாக இல்லை. 1996-ல் ஆறு வால்யூமாகத் திருத்தி எழுதினார்கள்; 1999 முதல் இன்டர்நெட்டிலும் இருக்கிறது. போர்வெனிரைப் பற்றியும் கனாலசைப் பற்றியும் அதிலே கட்டுரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஆதாரங்கள் காட்டப்பட்டிருக்கின்றன. நான் முதலில் அதைத்தான் திறந்தேன். அதன் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளி ஆசிரியருடைய காகிதம் வரையில் போனேன். ஆகையால் ஒரு கையேட்டைப் பார்க்கும்போது எந்த வருஷத்துப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். பழைய பதிப்பைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். எதை மறைத்தார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

மணி ஒன்பதாகப் போகிறது. பஸ்ஸுக்குப் போக வேண்டிய தோழர்கள் எழுந்திருக்கிறார்கள். போன கூட்டத்தில் ரேஞ்சர்களைப் பற்றி நான் சொன்னதை இந்தக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாபஸ் வாங்கிக்கொள்ளுகிறேன். இன்று நான் குறிப்பிட்ட புஸ்தகங்கள், காப்பகங்கள் ஆகியவற்றின் பெயர்களை, காசில்லாமல் பார்க்கக்கூடியவை எவை, பெரிய நூலகத்தின் மூலம் கேட்டு வாங்க வேண்டியவை எவை என்று பிரித்து எழுதி வாசகசாலைக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். ஸ்பானிய எழுத்திலும் பெயர்களைப் போட்டிருக்கிறேன். தமிழில் எழுதினபடி தேடினால் அகப்படாது. அதில் தப்பு இருந்தால் அந்த வாலிபத் தோழர் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். இந்த முறை எந்தப் பக்கம் என்று சொல்லுவேன்.